மணல் நிறப் பூட்ஸும் ஒரு நடுநிலை நாடும்

எங்கள் பூட்ஸ் கம்பெனிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு வெள்ளைக்காரர் வருவார். ஐரோப்பாவில் எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராத சில நாடுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஒன்று அவருடையது. எது என்று சொல்லப்போவதில்லை. அங்கிருந்து ஆம்பூருக்கு இன்னமும் ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது. என் வாயால் யார் பிழைப்பும் கெட வேண்டாம். பனி, மலை, பசு, பால்கட்டி, நடுநிலை. இந்த ஐந்தும்தான் தங்கள் நாட்டின் செல்வம் என்பார் அவர். முதல் நான்கைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் அந்தக் கம்பெனியில் ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிக்கும் பிரிவில் இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் சேர்ந்தேன். வேலூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். அப்பா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். எனக்கு நர்ஸ் வேலைதான் என்று வீட்டில் முடிவு செய்து வைத்திருந்தார்கள். எனக்கோ ரத்தத்தைப் பார்த்தால் ஆகாது. அதனால் வரலாறு படித்தேன். தபால் வழியில் எம்.ஏ.வும் முடித்தேன். வரலாறு எம்.ஏ.வுக்கு எங்கள் பக்கத்தில் என்ன மரியாதை என்றால், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருக்கிறாயா என்று கேட்பார்கள். பண்ணியிருந்தேன்.

ஆனால் வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். முதலாளிக்கு இங்கிலீஷ் வரும். தோல் சம்பந்தப்பட்ட இங்கிலீஷ் மட்டும். கனம், சாயம், இழுத்தால் எவ்வளவு தாங்கும் என்பது வரை தடையில்லாமல் பேசுவார். அதற்கு வெளியே ஒரு வார்த்தை வந்துவிட்டால் என் பக்கம் திரும்புவார். அப்படித்தான் ஒருநாள் மதியச் சாப்பாட்டு மேஜையில், பனியும் பசுவும் பேசித் தீர்ந்த பிறகு, நடுநிலை வந்தது.

தங்கள் நாடு யாரோடும் சேராது, யார் சண்டையிலும் தலையிடாது, அதனால் உலகத்தில் தங்களுக்கு எதிரி என்று ஒருவர்கூட இல்லை என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். எதிரியே இல்லாத நாட்டில் ஆண்பிள்ளைகள் எல்லாரையும் ஏன் கட்டாயமாக ராணுவப் பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். நடுநிலையைக் காப்பாற்ற வேண்டுமே, எங்கள் மண் வழியாக யாரும் படை நடத்திப் போகக் கூடாதே என்றார். இந்தப் பதில் எனக்குப் பிடித்தது. உண்மையாகவே பிடித்தது. ஒரு சின்ன நாடு, இரண்டு பெரிய முரடர்களுக்கு நடுவில், தன் வாசலில் தடியோடு உட்கார்ந்துகொண்டு, உனக்கும் வழி கிடையாது உனக்கும் கிடையாது என்று சொல்வதில் ஒரு மிடுக்கு இருக்கிறது. அடி விழுந்தாலும் விழும் என்று தெரிந்து சொல்வது அது.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். உங்கள் ஊரில் பீரங்கியும் குண்டும் செய்து வெளியே விற்கிறார்களாமே என்று அடுத்த கேள்வியைக் கேட்டேன். அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். அது அரசாங்கம் இல்லை, தனியார் கம்பெனிகள் என்றார். பிறகு, அவர்கள் யாருக்கும் பாரபட்சம் காட்டாமல் எல்லாருக்கும் விற்கிறார்கள், அதுவும் நடுநிலைதான் என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலாளியும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

இது என் எம்.ஏ. பாடத்தில் இருந்த விஷயம். போர் நடக்கும்போது நடுநிலை நாட்டின் அரசாங்கம் சண்டைக்காரர்களுக்கு ஆயுதம் கொடுக்கக் கூடாது. ஆனால் அந்த நாட்டின் வியாபாரிகள் விற்றால் அதைத் தடுக்க வேண்டிய கட்டாயம் அரசாங்கத்துக்குக் கிடையாது. தடுப்பதானால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத் தடுக்க வேண்டும். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முந்திய ஒப்பந்தம். மனப்பாடம் செய்தபோது எனக்கு உறைக்கவில்லை. அந்த ஆள் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னபோதுதான், அடச்சீ, இவ்வளவுதானா உங்கள் நடுநிலை என்று இருந்தது. நம் நாட்டின் அணிசேராக் கொள்கை இது இல்லை. எந்தக் கூட்டணியிலும் சேர மாட்டோம், ஆனால் எந்தச் சண்டையைப் பற்றியும் எங்கள் கருத்தைச் சொல்வோம் என்பது அது. அதை நாம் எந்த லட்சணத்தில் கடைப்பிடித்தோம் என்பது வேறு கதை. இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் பேப்பர் திருத்துகிறவர் மார்க் குறைப்பார்.

முதலாளிக்கு அந்த மேஜையிலிருந்து ஒரே ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டது. நியூட்ரல். அதுவரை கார் ஓட்டும்போது மட்டுமே அவர் அதைக் கேட்டிருக்க வேண்டும். மறுவாரமே தோல் வெட்டும் பிரிவில் சூப்பர்வைசர் ஒருவர் ஒரு தொழிலாளியைக் கைநீட்டி அடித்துவிட்டார். அடிபட்டவர் மேலே வந்து முறையிட்டார். "ரெண்டு பேருமே எனக்கு வேணும்பா. நான் நியூட்ரல்" என்றார் முதலாளி. சூப்பர்வைசர் கீழே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அடிபட்டவர் இரண்டு வாரம் பார்த்துவிட்டு வேலையை விட்டுப் போனார்.

பாலாற்றங்கரைக் கிணறுகள் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவால் கெட்டுப்போய், விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய், ஊரே இரண்டாக நின்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பத்திரிகைக்காரர் வந்து கேட்டதற்கு, "எங்களுது பூட்ஸ் கம்பெனி சார், தோல் ஷாப் கிடையாது. இந்த மேட்டர்ல நாங்க நியூட்ரல்" என்றார் முதலாளி. பேரணாம்பட்டு தோல் ஷாப்புகளிலிருந்து லாரியில் வந்து இறங்கிய தோல் எங்கள் கிடங்கில் கூரை வரை அடுக்கியிருந்தது. பத்திரிகைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் படியேறி வந்திருந்தார். நான் அங்கே இருந்த வருஷங்களில் இவருடைய நடுநிலையால் ஒரு முறைகூட இளைத்தவன் பக்கம் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

கார்கில் சண்டை வந்தபோது மட்டும் நியூட்ரலுக்கு லீவு. கேட்டில் ஆள் உயரத்துக்குக் கொடி கட்டினார். காலை ஷிப்டு தொடங்குமுன் எல்லாரும் வரிசையில் நின்று தேசிய கீதம் பாடினோம். கொடியைப் பற்றி எனக்குக் கேலி இல்லை. வேலூரைச் சுற்றி வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் எங்கள் லைனிலும் இருந்தார்கள், அழுதுகொண்டே பாடினார்கள். ஆனால் அதே வாரம் அந்த நடுநிலை நாட்டிலிருந்து ஒரு பேக்ஸ் வந்தது. இந்தியாவில் நிலைமை சரியில்லை போலிருக்கிறது, எங்கள் நாடு இரு தரப்புக்கும் பொதுவானது, அடுத்த சீசன் ஆர்டரில் பாதியைப் பாகிஸ்தானில் ஒரு கம்பெனிக்குக் கொடுப்பதாக யோசிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். நான் அதை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். முதலாளி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "இன்னா மனுசங்கம்மா இவங்க! நமக்கு ஒண்ணுன்னா நம்ம பக்கம் நிக்க வேணாமா?" என்றார். அவங்க நியூட்ரல் சார் என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. இந்தச் சொல்லாமல் விடும் வழக்கம் எனக்கு அப்போதே இருந்திருக்கிறது.

இராக்கில் சண்டை நடந்த 2003ஆம் வருஷம். பாக்தாத் விழுந்து சில வாரம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரர் தன் வழக்கமான மாதத்துக்கு முன்பே வந்து இறங்கினார். ஏலகிரிக்குக் கூட்டிப்போனோம், இதையா மலை என்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தார். கையோடு ஒரு அவசர ஆர்டர். நாங்கள் முழு பூட்ஸ் செய்கிறவர்கள் இல்லை. அடி ஒட்டாத மேல்பாகத்தை மட்டும் தைத்து அனுப்புவோம், அவர்கள் ஊரில் அடி ஒட்டித் தங்கள் நாட்டுத் தயாரிப்பு என்று முத்திரை போட்டுக்கொள்வார்கள். எப்போதும் கறுப்பு, இல்லாவிட்டால் காப்பிக் கொட்டை நிறம். இந்த முறை கணுக்காலுக்கு மேல் ஏறும் உயரம், மொசுமொசுவென்ற ஸ்வேட் தோல், நிறம் மணல். வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் நாடு, மணல் நிறத்தில் பூட்ஸ் கேட்கிறது. லைனில் இருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள்.

சிரிக்காத ஒருத்தி இருந்தாள். பூட்ஸின் நாக்கு என்று சொல்வோமே, கயிற்றுக்கு அடியில் இருக்கும் தோல் பட்டை, அதன் உள்பக்கத்தில் சைஸ் நம்பரை அச்சடிக்கும் ஸ்டாம்பிங் மேஜை அவளுடையது. பள்ளிகொண்டாவில் அம்மா வீட்டில் இருந்தாள். புருஷன் திமிரிப் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் வடக்கே எங்கேயோ இருந்தார். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் பள்ளிகொண்டா வரைக்கும் அவள் என் பக்கத்து இருக்கை. கம்பெனிக்குள் என்னை மேடம் என்பாள், பஸ் கேட்டைத் தாண்டியதும் அக்கா.

"அக்கா, இது கடைக்குப் போற சரக்கு இல்லக்கா" என்றாள் ஒருநாள். "கடை பூட்ஸ்னா நாப்பத்தி ரெண்டு, நாப்பத்தி மூணுன்னு சைஸ் மட்டும் குத்துவோம். இதுல சைஸுக்குக் கீழ நீட்டமா ஒரு நம்பர் வருது, நடுவுல கோடு கோடா. எங்க வூட்டுக்காரர் லீவுல வரும்போது பூட்ஸு, பை, போர்வை எல்லாத்துலயும் இதே மாதிரிதான் நீளமா இருக்கும். இது பட்டாளத்து நம்பர்க்கா. யாரு பட்டாளம்?"

எனக்குத் தெரியும். இந்த ஆர்டருக்காக வந்த பேக்ஸை நான்தான் படித்தேன். கடைசியில் வாங்குவது ஒரு வெளிநாட்டு ராணுவம், அவர்கள் ஏற்கெனவே பாலைவனத்தில் இருக்கிறார்கள், அதனால் நம்பர் தெளிவாக விழ வேண்டும், தாமதம் கூடாது என்று இருந்தது. கீழே இன்னொரு வரி: பத்திரங்களில் மலையேற்றக் காலணியின் மேல்பாகம் என்று மட்டும் எழுதினால் போதும், எங்கள் நாட்டின் நடுநிலை காரணமாக இது தேவைப்படுகிறது. இந்த வரியைப் படித்துவிட்டு நான் தனியாகவே சிரித்தேன். முதலாளி அந்த பேக்ஸை வாங்கித் தன் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். நான் மலையேற்றக் காலணி என்று டைப் அடித்தேன், ஒரு எழுத்துப் பிழையில்லாமல்.

பஸ்ஸில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு உதவுவதற்காகச் சொன்னேன் என்று இப்போது எழுதினால் பொய். எனக்குத் தெரிந்ததை ஒருத்தரிடமாவது காட்டிக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. வெள்ளைக்காரரை, அவர் நாட்டை, முதலாளியை, நூறு வருஷத்து ஒப்பந்தத்தை எல்லாம் வரிசையாகக் கிழித்தேன். அவள் என் வகுப்பைக் கேட்கவில்லை. அவளுக்கு ஒரே கவலை. இராக்குக்கு நம் ராணுவத்தையும் அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்கிறது, அனுப்பலாமா வேண்டாமா என்று டெல்லியில் யோசிக்கிறார்கள் என்று பேப்பரில் தினமும் வந்துகொண்டிருந்தது. புருஷன் போனில், தன் யூனிட் பேரும் அடிபடுகிறது என்று சொல்லியிருந்தார்.

"நான் வேலை செய்ய மாட்டேன்னு சொல்லலக்கா" என்றாள். "யாருக்குன்னு சொல்லிட்டுக் குடுங்கன்றேன். நாளைக்கு இவரையும் அங்க அனுப்பிட்டா, நான் நம்பர் குத்தின பூட்ஸ போட்டவன் இவருக்குப் பக்கத்துல நிப்பானா, இவர முன்னால தள்ளிட்டு பின்னால நிப்பானா? ஒண்ணுமே தெரியாம குத்திக்கினு இருக்கணுமா நான்? தெரிஞ்சிக்கினு குத்தறேன்."

மறுநாள் அவள் இதையே ஃபேக்டரி மேனேஜரிடம் கேட்டாள். சாப்பாட்டு மணி அடித்து முடிந்து எல்லாரும் மெஷினுக்குத் திரும்பும் நேரம். மேனேஜர், உனக்கு எதுக்கு அது, வேலையப் பாரு என்றார். அவள் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு, பதில் சொல்லுங்க சார், அணைத்ததைப் போட்டுவிடுகிறேன் என்றாள். அந்த லைனில் பாதிப் பேருக்கு அண்ணனோ தம்பியோ புருஷனோ குவைத்திலும் சவுதியிலும் இருந்தார்கள். தொண்ணூறில் இராக் படை புகுந்தபோது குவைத்திலிருந்து போட்ட சட்டையோடு ஊர் வந்து சேர்ந்தவரின் மனைவியும் ஒருத்தி. இராக், ராணுவம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அரைமணி நேரம். அவ்வளவுதான் நடந்தது.

முதலாளியே இறங்கி வந்தார். "நாம யாருக்கும்மா விக்கிறோம்? நடுநிலை நாட்டுக்கு விக்கிறோம். அவங்க யாரோடயும் சண்டைக்குப் போவாத ஆளுங்க. நாமளும் நியூட்ரல். அரசியல் நமக்கு எதுக்கு, பேஜாரு?" என்றார். ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கை, ஆம்பூர் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில், மெஷினைப் போடச் சொல்வதற்கு இவ்வளவு வசதியாகப் பயன்படும் என்று அந்தக் கொள்கையை வகுத்தவர்களே நினைத்திருக்க மாட்டார்கள். மெஷின்கள் ஓடின. அவளை மட்டும் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். பொய் வதந்தி பரப்பி உற்பத்தியை நிறுத்தியதாகக் குற்றச்சாட்டு. சஸ்பெண்ட், அதன்பின் விசாரணை.

விசாரணைக்கு வேலூரிலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்தார்கள். விசாரிக்கிறவர் எந்தப் பக்கமும் சாராதவராக இருக்க வேண்டும் என்பது விதி. எந்தப் பக்கமும் சாராத அந்த மனிதர் முதலாளியின் காரில் வந்தார், முதலாளியோடு சாப்பிட்டார், முதலாளியின் காரில் திரும்பினார். அவளுக்குத் துணையாக உடன் வேலை செய்யும் ஒருவரைக் கூட்டி வரலாம் என்றும் விதி இருந்தது. யாரும் வரவில்லை. அரைமணி நேரம் மெஷினை நிறுத்திய அத்தனை பேரும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

ஏனென்றால், முந்தைய நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, விசாரணையில் சாட்சி சொல்ல வர வேண்டும் என்றிருந்தார். "நீங்க எங்க பக்கம் பேச வேணாம்மா. அந்தப் பொண்ணு பக்கமும் வேணாம். பேப்பர்ல இன்னா இருக்கோ அத மட்டும் சொல்லுங்க. நியூட்ரலா" என்றார். சரி என்று தலையாட்டினேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, அப்பா ரிடையர் ஆகிவிட்டார், இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள். இதெல்லாம் காரணங்கள்தான். ஆனால் மறுநாள் என் மனதில் பெரிதாக நின்றது இவை இல்லை. விசாரணை நாள் காலைப் பேப்பரில், இந்தியா படை அனுப்பாது என்று வந்திருந்தது. ஐக்கிய நாடுகள் சபை தெளிவாகச் சொன்னால் அப்போது யோசிக்கலாம் என்று, மறுக்கிறோமா தள்ளிப்போடுகிறோமா என்று புரியாத பாஷையில் எழுதியிருந்தார்கள். எப்படியோ, அவள் புருஷன் போகப்போவதில்லை. பிறகென்ன, அவள் கவலை தீர்ந்துவிட்டது, இனி யார் பூட்ஸ் யாருக்குப் போனால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாடு எடுத்த முடிவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

உள்ளே போனபோது அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். வக்கீல் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ராணுவத்துக்குப் போற சரக்குன்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நம்பர பாத்து நானே தெரிஞ்சிக்கினேன்."

"ஆபீஸ்ல இருந்து யாராவது?"

"யாரும் இல்ல சார்."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். என் பெயரைச் சொல்லியிருந்தால் அவள் சொன்னது வதந்தி இல்லை என்று ஆகியிருக்கும். அவளுக்கு அது தெரியாமல் இல்லை.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். பத்திரங்களைக் காட்டினார். மலையேற்றக் காலணியின் மேல்பாகம் என்று நீங்கள் டைப் அடித்ததுதானா என்றார். ஆமாம் என்றேன். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டார். மனிதருக்குள் கொஞ்சம் மனச்சாட்சி மிச்சம் இருந்திருக்கலாம்.

"பேப்பர்ல இருக்கறது சரி. அதத் தாண்டி உங்களுக்கு வேற ஏதாவது தெரியுமா?"

அவரைத் தாண்டி ஜன்னல் பக்கம் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இதுல எந்தப் பக்கமும் இல்ல சார்" என்றேன். "பேப்பர்ல இருக்கறதுதான் எனக்குத் தெரியும்."

வெள்ளைக்காரரின் நாட்டை நான் எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறேன். அந்த நாடாவது தனக்கு ஒரு ஒப்பந்தம் இருக்கிறது என்று காட்டும். வாசலில் தடியோடு உட்காரவாவது செய்யும். நான் எதற்கும் தடி எடுத்தவள் இல்லை. எனக்கு என்மேல் வந்த அருவருப்பு அன்றைக்கு வந்ததைவிட இப்போது அதிகமாகத்தான் இருக்கிறது.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய உனக்கு உரிமை இருக்கிறது, ஏதாவது கேட்கணுமா என்று வக்கீல் அவளிடம் கேட்டார். அவள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பஸ்ஸில் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

"அவங்கள கேக்க ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

மூன்று வாரத்தில் வேலைநீக்கக் கடிதம் தயாரானது. இங்கிலீஷில். அடித்தது நான். விசாரணை அறிக்கையிலிருந்து ஒரு பத்தியை அப்படியே எடுத்துப் போடச் சொல்லியிருந்தார்கள். ஏற்றுமதிப் பிரிவைச் சேர்ந்த சாட்சி எந்தப் பக்கமும் சாராதவர், தொழிலாளியின் மீது அவருக்குப் பகை இல்லை, ஆகவே அவருடைய வாக்குமூலம் முழுவதும் நம்பத்தக்கது, அதன் அடிப்படையில் குற்றச்சாட்டு நிரூபணம் ஆகிறது. என்னைப் பற்றி யாரும் அதற்கு முன்போ பின்போ இவ்வளவு நல்லவிதமாக எழுதியதில்லை.

அவள் கேட்டுக்கு வந்தபோது கையெழுத்து வாங்க என்னையே அனுப்பினார்கள். வாட்ச்மேன் அறைக்கு வெளியே நின்றிருந்தாள். மணல் நிற மேல்பாகங்கள் அடுக்கிய அட்டைப்பெட்டிகளை அவளுக்குப் பின்னால் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டாள். கடிதத்தைப் பிரித்து இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இன்னா எழுதியிருக்குக்கா?" என்றாள். அப்போதும் அக்காதான்.

நின்றபடியே தமிழில் சொன்னேன். குற்றச்சாட்டு, விசாரணை நடந்த தேதி, இன்ன தேதியிலிருந்து வேலை இல்லை, ஐடி கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாட்சியைப் பற்றிய பத்தியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். குரல்கூட மாறவில்லை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்மா."

அவள் கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்க்கா. எம்பொண்ணு இங்கிலீஷ் மீடியம். ஸ்கூல் வுட்டு வந்தான்னா முழுசா படிச்சி சொல்லுவா" என்றாள். பஸ் வந்துவிட்டது என்று ரோட்டைக் கடந்து போனாள்.